பன்னிரண்டு தோல்கள், இருபத்துநான்கு பாதிகள்

என் பழைய மேசைக்கு மேலே, சுவரில் நாலு மூலைக்கு நாலு டேப் தடம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெயின்ட் அடித்தும் அது போகவில்லை என்று கேள்விப்பட்டேன். அங்கே பல வருடம் ஒரு படம் ஒட்டியிருந்தது. எத்தனை குரூப், எத்தனை மாதிரி, டேட்டா நார்மலா இல்லையா என்று ஒவ்வொரு கேள்வியாகப் பதில் சொல்லி, அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினால், கடைசிக் கட்டத்தில் எந்த டெஸ்ட் போட வேண்டும் என்று எழுதியிருக்கும். நானே ஸ்கேல் வைத்து வரைந்தது. நானேதான் அதைக் கிழித்தேன். ஏன் என்று துறையில் யாருக்கும் சொன்னதில்லை. ஓய்வு பெற்று சத்துவாச்சாரி வீட்டில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு இனிமேல் போவதற்கு மானம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. அதனால் சொல்கிறேன். துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர்தான் நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள்.

நான் படித்தது விலங்கியல். புள்ளியியல் என் பாடமே இல்லை. வேறு யாரும் கை தூக்காததால் என் தலையில் விழுந்தது. இரண்டு கோடை வகுப்புக்குப் போனேன், நாலு புத்தகம் வாங்கினேன், அவ்வளவுதான் என் தகுதி. ஆனால் பிப்ரவரி பிறந்தால் போதும், ப்ராஜக்ட் செய்யும் மாணவர்கள் என் அறை வாசலில் வரிசை கட்டி நிற்பார்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி. "மேடம், எனக்கு இன்னா டெஸ்ட்?" மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை கேட்பது மாதிரி. நானும் மாத்திரை கொடுப்பது மாதிரியே கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆளுக்கு இரண்டு நிமிடம்.

நான் ஏமாற மாட்டேன் என்று ஒரு பெயர் எனக்கு இருந்தது. அதற்குக் காரணம் ஒடுகத்தூரிலிருந்து வந்த ஒரு மாணவன். வேர்க்கடலைச் செடிக்குத் தொழிற்சாலைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருந்தான். நல்ல தண்ணீருக்கு மூன்று தொட்டி, கெட்ட தண்ணீருக்கு மூன்று தொட்டி, தொட்டிக்குப் பத்துச் செடி. பக்கத்துக்கு முப்பது மாதிரி என்று கணக்குப் போட்டுப் பிரமாதமான முடிவோடு வந்தான். "தொட்டி எத்தனைப்பா?" என்று கேட்டேன். "மூணு மேடம்." "அப்போ உன் கையில இருக்கிறது மூணுதான், முப்பது இல்ல. தொட்டி மேல நிழல் விழுந்தா பத்துச் செடியும் சேர்ந்துதானே வாடும்?"  அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, கெட்ட தண்ணீர்த் தொட்டிகளில் இரண்டு வேப்பமரத்தடியில் இருந்தன என்று மெதுவாகச் சொன்னான். அந்தக் கதை கல்லூரி முழுக்கப் பரவிவிட்டது. மேடம் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று பேச்சு. எனக்கும் அது இனிப்பாகத்தான் இருந்தது.

ஷபானா வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து, நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு.

ஆம்பூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிற பெண். எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. அவள் அப்பா இக்பால் பாய் அங்கே ஒரு தோல் மண்டியில் தரம் பிரிக்கிறவர். தோலைக் கையில் எடுத்ததுமே இது முதல் ரகம், இது மூன்றாம் ரகம் என்று சொல்லித் தனித்தனியாகப் போடுவது அவர் வேலை. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டு வைப்பார்கள். பிறகு தொழிற்சாலையில் தோலை ஊறவைத்துக் கழுவும்போது அத்தனை உப்பும் தண்ணீரோடு போய் நிலத்தைக் கெடுக்கிறது. உப்பைப் பாதியாகக் குறைத்து, நொச்சி இலைப் பொடியைச் சேர்த்தால் தோல் அதேபோல் நிற்குமா என்பது ஷபானாவின் ஆய்வு. நல்ல கேள்வி. மண்டி முதலாளியான ஹாஜியாரிடம் இக்பால் பாய் பேசி, மகளுக்காக ஆட்டுத் தோல்கள் வாங்கிக் கொடுத்திருந்தார். இரண்டு வாரம் வைத்திருந்து, ஒவ்வொன்றிலிருந்தும் சின்னத் துண்டு வெட்டிவந்து, அதில் எத்தனை பாக்டீரியா என்று இங்கே லேபில் எண்ணியிருந்தாள்.

அவள் என் முன்னால் வைத்த தாளில் இரண்டு வரிசை. எல்-ஒன்று முதல் எல்-பன்னிரண்டு வரை முழு உப்பு. ஆர்-ஒன்று முதல் ஆர்-பன்னிரண்டு வரை பாதி உப்பும் பொடியும்.

"ரெண்டு குரூப்பா?"

"ஆமா மேடம்."

"பன்னெண்டு, பன்னெண்டு. லாக் எடுத்திருக்கியா? சரி. இண்டிபெண்டென்ட் டி-டெஸ்ட். அடுத்தது யாரு?"

தனித்தனியான இரண்டு கூட்டத்தை ஒப்பிடும் டெஸ்ட் அது. எல் என்றால் என்ன, ஆர் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை என் மனதில் உறுத்துவது அதுதான். ஒரே ஒரு எழுத்துக்கு விளக்கம் கேட்டிருந்தால் பத்து நொடி ஆகியிருக்கும்.

மறுநாள் மத்தியானம் அவள் ஓடிவந்தாள். பி-மதிப்பு எங்கோ உயரத்தில் இருந்தது. "மேடம், வித்தியாசமே இல்ல! உப்பக் கம்மி பண்ணாலும் தோல் ஒண்ணும் ஆவல!" பொதுவாக மாணவர்கள் வித்தியாசம் வரவில்லை என்றுதான் அழுவார்கள். வித்தியாசம் வராததற்குச் சந்தோஷப்பட்டவள் இவள் ஒருத்திதான். நானும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். டெஸ்ட்டில் வித்தியாசம் பிடிபடவில்லை என்பதும் வித்தியாசம் இல்லை என்பதும் ஒன்றல்ல என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். சல்லடையில் ஒன்றும் மாட்டவில்லை என்றால் மாவு சுத்தமாகவும் இருக்கலாம், சல்லடைக் கண் பெரிதாகவும் இருக்கலாம் என்று உதாரணம் வேறு சொல்வேன். அன்று அதையும் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபோது சொல்லத் தோன்றவில்லை.

மே மாதம், வைவாவுக்கு ஒரு வாரம் முன்பு ஒத்திகை வைத்தோம். ரிப்போர்ட் எல்லாம் பைண்டிங் ஆகி வந்துவிட்டது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாதி கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். ஷபானா மூன்றாவது படத்தைத் திரையில் போட்டாள். சிமென்ட் தரையில் ஓர் ஆட்டுத் தோல் விரிந்து கிடக்கிறது. ஒருவர் குனிந்து, கழுத்திலிருந்து வால்வரை முதுகுத்தண்டு வழியாகக் கத்தியை இழுத்துக்கொண்டிருக்கிறார். "தோலை இரண்டு பாதியாக வெட்டி, இடது பக்கத்துக்கு முழு உப்பும் வலது பக்கத்துக்குப் பொடியும் போட்டோம்" என்றாள்.

எல் என்றால் லெஃப்ட், ஆர் என்றால் ரைட்.

 இருபத்துநான்கு தோல் இல்லை. பன்னிரண்டு ஆடு, ஆட்டுக்கு இரண்டு பாதி. ஆட்டுக்கு ஆடு எவ்வளவோ மாறும். ஒன்று கிழடு, ஒன்று குட்டி, ஒன்றை உரித்த உடனே கொண்டுவந்திருப்பார்கள், ஒன்று அரை நாள் வெயிலில் கிடந்திருக்கும். ஒன்றில் இருக்கும் பாக்டீரியா இன்னொன்றில் இருபது மடங்கு இருக்கலாம். எல்லாவற்றையும் கூட்டமாகச் சேர்த்துப் பார்த்தால் அந்த ஏற்ற இறக்கத்தில் பொடியின் விஷயம் மூழ்கிப்போகும். ஒரே ஆட்டின் இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஆட்டின் குணம் கழிந்துபோய், பொடி என்ன செய்தது என்பது வெளியே வரும். ஜோடியாகப் பார்க்க வேண்டிய டேட்டா. அதற்கென்றே ஒரு டெஸ்ட் இருக்கிறது. சுவரில் இருந்த என் படத்திலும் அந்தக் கட்டம் இருந்தது, இடது ஓரத்தில்.

ஒத்திகை முடிந்ததும் அவளை நிறுத்தினேன். "ஷபானா, எல்-மூணும் ஆர்-மூணும் ஒரே ஆடா?"

"தெரியல மேடம்."

"தெரியலன்னா?"

"உப்புப் பக்கம் எல்லாம் ஒரு அடுக்கு, பொடிப் பக்கம் எல்லாம் ஒரு அடுக்குன்னு தனியா வெச்சாங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா உப்புத் தண்ணி இங்கேந்து அங்க போய்டும் இல்ல? அப்பா அடுக்கும்போது பெரிசு சிறிசு பாத்து அடுக்கிட்டார். அவருக்குப் பழக்கம். அதுக்கப்புறந்தான் நான் நம்பர் கட்டினேன்."

வேறு ஊரில் இந்தத் தவறு நடந்திருக்காது. வெட்டிய வரிசையில் அப்படியே போட்டிருப்பார்கள். அந்த ஊரில் தோலைப் பெரிசு சிறிசு பிரிக்காமல் கீழே வைக்க யாருக்கும் கை வராது.

அவளுடைய கைடிடம் போனேன். நல்ல மனிதர், என்னைவிட இளையவர், எதையும் கிளறாமல் முடிப்பதில் விருப்பமுள்ளவர். "மேடம், புதன்கிழமை வைவா. எக்ஸ்டெர்னல் எக்ஸாமினருக்கு டிக்கெட் போட்டாச்சு. இப்ப போய் இத எடுக்காதீங்க" என்றார். நான் நகரவில்லை. "சரி, ஒண்ணாம் நம்பரோட ஒண்ணாம் நம்பர வெச்சு ஜோடி டெஸ்ட் போட்டுருங்க. பெரிசோட பெரிசுதானே வந்திருக்கும்?" என்றார்.

வந்திருக்கலாம். முதல் இரண்டு, கடைசி இரண்டு சரியாகக்கூட இருக்கும். நடுவில் இருக்கிற எட்டுத் தோல்? ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதை யார் எதோடு சேர்ப்பது? அப்படிச் செய்தால் அது டேட்டா இல்லை, என் ஆசை. முடியாது என்றேன். அப்போது அவர் கேட்டது சரியான கேள்வி: "முடிவப் பாத்துட்டு டெஸ்ட்ட மாத்தாதேன்னு பசங்கள திட்டுறது நீங்கதானே மேடம்? இப்ப நீங்க பண்றது இன்னா?"

 அன்று மாலைவரை யோசித்தேன். பதில் வேண்டாத பதிலாக வந்துவிட்டதே என்பதற்காக டெஸ்ட்டை மாற்றினால் அது மோசடி. ஆய்வு நடந்த விதத்துக்கு அந்த டெஸ்ட் பொருந்தவே இல்லை என்று தெரிந்து மாற்றினால் அது திருத்தம். இரண்டுக்கும் நடுவில் கோடு மெல்லியது. நாம் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது நமக்கே சந்தேகமாக இருக்கும். அதனால் அதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இதை எந்தப் புத்தகத்திலும் படித்து நான் கற்றுக்கொள்ளவில்லை, பயத்தில் கண்டுபிடித்தேன்.

பயம் எதற்கென்றால், ஒத்திகை முடிந்து கிளம்புகிறபோது ஷபானா இன்னொன்றும் சொல்லியிருந்தாள். "மேடம், ஹாஜியார் பக்ரீத் தோலுக்கு எல்லாம் இதான் போடப் போறார். பொடி மூட்டை வந்து எறங்கிட்டுச்சு. அப்பா மேல இருக்கிற நம்பிக்கையில, நான் சொன்னதக் கேட்டுத்தான்."

பக்ரீத் என்றால் தோல் மண்டிக்கு என்ன அர்த்தம் என்று உங்களில் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பண்டிகைக்குக் குர்பானியாக அறுத்த ஆட்டுத் தோலையெல்லாம் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் சேகரித்து மண்டிக்கு அனுப்பும். மூன்று நாளில் மலைபோல் வந்து குவியும். இந்த ஊர் வெயிலில் சில மணி நேரத்துக்குள் எல்லாவற்றுக்கும் உப்புப் போட்டாக வேண்டும். உப்புப் போதவில்லை என்றால் அத்தனையும் அழுகும். தோல் விற்ற காசு மதரஸாப் பிள்ளைகளுக்குப் போவது. அழுகினால் ஹாஜியார் யாரைக் கேட்பார்? இக்பால் பாயை. இக்பால் பாய் யாரைக் கேட்பார்? மகளை. மகள் என்னிடம்தான் வந்து கேட்க வேண்டும். ஆனால் அவள் வந்து கேட்க மாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். பக்ரீத்துக்குப் பத்து நாள் இருந்தது.

"அந்த இருபத்துநாலு பாதியும் இன்னும் இருக்குதா?" என்று ஷபானாவிடம் கேட்டேன்.

"மண்டி மூலையில கெடக்குது மேடம்."

சனிக்கிழமை காலை என்னைக் கூட்டிப்போக ஷபானா கல்லூரிக்கே வந்தாள், இருவரும் ஆம்பூர் பஸ் ஏறினோம். பஸ்ஸிலேயே அவளுடைய நோட்டில் எழுத வைத்தேன். ஜோடி சேர்க்க முடிந்தால் ஜோடி டெஸ்ட், எந்த முடிவு வந்தாலும் அதுதான். எந்த ஜோடியில் சந்தேகம் இருக்கிறதோ அதை முடிவைப் பார்ப்பதற்கு முன்பே விலக்கிவிட வேண்டும். பாதியில் நிறுத்தக் கூடாது. நேரம் போட்டு இருவரும் கையெழுத்திட்டோம். பாக்டீரியா எண்ணிக்கைத் தாளை வாங்கி என் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். "எனக்கே அதுல பாதி மனப்பாடம் மேடம்" என்றாள் ஷபானா. "அப்போ நீ தோலத் தொடாதே, வாயையும் தொறக்காதே, ஃபோட்டோ மட்டும் எடு" என்றேன்.

மண்டியின் வாசனையை நான் வர்ணிக்கப் போவதில்லை. ஐந்து நிமிடத்தில் மூக்கு பழகிவிடும். ஒரு பக்கம் பொடி மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. அதைப் பார்த்தபோதுதான் விஷயத்தின் கனம் எனக்கு முழுதாக உறைத்தது. ஹாஜியார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து யாரிடமோ ஃபோனில் உருதுவில் பேசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். இக்பால் பாய் முழங்கை வரை உப்போடு வந்தார். ஒல்லியான மனிதர், கட்டம் போட்ட லுங்கி.

"வாங்க மேடம். பாப்பா சொல்லிச்சு. ஜோடி சேக்கணும், அவ்ளோதானே?"

"முடியுமா பாய்?"

கேட்கக் கூடாததைக் கேட்டதுபோல் என்னைப் பார்த்தார். "ஒரு ஆட்டுத் தோலு மேடம். ரெண்டு பாதியும் ஒண்ணுக்கொண்ணு தெரியாமப் பூடுமா?"

இருபத்துநான்கையும் தரையில் பரப்பினார். நம்பர் கட்டிய அட்டைகளை எல்லாம் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. ஒரு பாதியைத் தூக்குவார், சுற்றிப் பார்ப்பார், இன்னொன்றை இழுத்து வந்து முதுகுக் கோட்டோடு கோடு சேர்த்து வைப்பார். செம்பட்டைப் புள்ளி இந்தப் பாதியில் தொடங்கி அந்தப் பாதியில் முடியும். முதுகில் ஒரு பழைய முள் கீறல் மறுபாதிக்கும் நீண்டிருக்கும். பார்க்கப் பார்க்க, கலைந்து கிடந்த ஆடுகள் ஒவ்வொன்றாக முழுசாகிக்கொண்டிருந்தன. இரண்டு கறுப்பு ஆடுகளில் மட்டும் தயங்கினார். முடியில் ஒன்றும் தெரியவில்லை. திருப்பிப் போட்டு, வெட்டின விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "இதோ, இங்க என் கத்தி கொஞ்சம் சறுக்கிச்சு. இந்தப் பக்கம் பள்ளம், அந்தப் பக்கம் மேடு." சேர்த்து வைத்தார். பொருந்தியது. பன்னிரண்டு ஜோடி. எதையும் விலக்க வேண்டியிருக்கவில்லை. ஷபானா ஒவ்வொன்றையும் ஃபோட்டோ எடுத்தாள், நான் அட்டைகளைத் திருப்பி நம்பர்களை எழுதிக்கொண்டேன்.

நிமிர்ந்தபோது இக்பால் பாய் இன்னும் குனிந்திருந்தார். ஒவ்வொரு பாதியிலும் இரண்டு விரலால் முடியைப் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க பாய்?"

"முடி நிக்குதான்னு பாத்தேன் மேடம். கை தானா போவுது." தோல் உள்ளே கெட ஆரம்பித்தால் முதலில் முடிதான் பிடி விடும் என்று விளக்கினார். பிறகு மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சொல்லட்டுமா?" என்றார்.

"சொல்லாதீங்க" என்றேன். என்னமோ அந்த நேரத்தில் புத்தி வேலை செய்தது. "எந்த ஜோடியில பொடிப் பக்கம் மோசமோ, அது மேல ஒரு உப்புக் கல்லு வைங்க. பேச வேணாம்."

அவர் மூட்டையிலிருந்து ஒரு கை கல்லுப்பு அள்ளிக்கொண்டு நடந்தார். ஒரு ஜோடி, ஒரு கல். அடுத்த ஜோடி, ஒரு கல். ஆறாவதில் நின்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, கல் வைக்காமல் போனார். ஒன்பதாவதிலும் வைக்கவில்லை. மற்ற பத்திலும் வைத்தார். மீதி உப்பை மூட்டையில் திரும்பப் போட்டார்.

நான் கைப்பையைத் திறந்து தாளை எடுத்தேன்.  ஜோடி ஜோடியாக வாசித்தேன். பன்னிரண்டில் பதினொன்றில் பொடிப் பக்கம்தான் பாக்டீரியா அதிகம். ஆறாவதில் மட்டும் குறைவு. ஒன்பதாவதில் அதிகம்தான், ஆனால் மயிரிழை அளவு. அவர் கல் வைக்காமல் போன அந்த இரண்டும்தான்.

அதற்குமேல் டெஸ்ட் போட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஆனாலும் போட்டோம், நோட்டில் எழுதியிருந்ததே. கல்லூரிக்கு வந்துதான் போட்டோம். என்ன வந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

அங்கே மண்டியில், ஷபானா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாவை நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்கு எப்பப்பா தெரியும்?" என்று கேட்டாள்.

"துண்டு வெட்ட நீ வந்தியே, அன்னைக்கே. முடி கையோட வந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"அடுத்த வாரம் நீ அவ்ளோ குஷியா வந்தே. காலேஜ்ல மேடமே டெஸ்ட்டு சொல்லி, வித்தியாசம் இல்லன்னு வந்துட்டுச்சுன்னே. படிச்சவங்க கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துச் சொல்றாங்க, நான் முடிய இழுத்துப் பாத்துட்டு இன்னா சொல்றதுன்னு விட்டுட்டேன்." கையில் ஒட்டிய உப்பைத் தட்டிவிட்டு, "ஹாஜியார் பொடி எறக்குனதுலேந்து பேஜாரா இருந்துச்சு. சோறு எறங்கல" என்றார்.

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக்கூடப் பேசவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. சரியான விடை அவர் கையில் இரண்டு மாதமாக இருந்திருக்கிறது. என்னுடைய இரண்டு நிமிடம் அவர் வாயை அடைத்திருக்கிறது. தப்பான டெஸ்ட் தப்பான எண்ணைக் கொடுப்பதோடு நிற்பதில்லை. உண்மை தெரிந்தவரைப் பேசவிடாமலும் செய்துவிடுகிறது. இதைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன், மற்றதெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

ஹாஜியாரிடம் நானே சொல்கிறேன் என்றேன். ஷபானா எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என் ப்ராஜக்ட் மேடம், நான் சொல்றேன்" என்று முன்னால் போனாள். பொடி வேண்டாம், உப்பை முழுதாகவே போடுங்கள் என்று சொன்னாள்.

"இன்னாம்மா இது? அன்னைக்கு வித்தியாசம் இல்லன்னியே?"

"அது என் தப்புங்க" என்றேன். "நான் சொன்ன கணக்கு தப்பு."

"இப்ப சொல்ற கணக்கு மட்டும் எப்படி ரைட்டு?" அதுவும் சரியான கேள்விதான். அந்த வாரம் எல்லோரும் என்னிடம் சரியான கேள்விகளாகவே கேட்டார்கள்.

ஷபானா அவரைத் தரையில் கிடந்த ஜோடிகளிடம் கூட்டிக்கொண்டு போனாள். "பூவா தலையான்னு பன்னெண்டு தடவ காச சுண்டுறீங்க. பதினொரு தடவ பூவே விழுது. இன்னா சொல்லுவீங்க?"

"காசுல ஏதோ கோளாறுன்னு சொல்லுவேன்."

"அதான் இங்கயும். பொடியில ஒண்ணும் இல்லன்னா பாதி ஜோடி இந்தப் பக்கம், பாதி ஜோடி அந்தப் பக்கம் போயிருக்கணும். பதினொண்ணு ஒரே பக்கம் போயிருக்குது."

நான் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எந்த வகுப்பிலும் நான் அதை அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. ஹாஜியார் குனிந்து, உப்புக் கல் இருந்த ஒரு ஜோடியில் தானே முடியை இழுத்துப் பார்த்தார். விரலில் வந்ததைப் பார்த்தார். இக்பால் பாயைப் பார்த்தார். ஃபோனை எடுத்து உப்பு லாரிக்காரரைக் கூப்பிட்டார். பேசி முடித்துவிட்டு, "அந்த மூட்டைங்கள இன்னா பண்றது?" என்று பொதுவாகக் கேட்டார். 

திங்கட்கிழமை காலை நாற்காலி போட்டு ஏறி, சுவரிலிருந்து அந்தப் படத்தைக் கிழித்தேன். படத்தில் தப்பு ஒன்றும் இல்லை. எல்லாக் கட்டமும் சரி. ஆனால் அது என்னை முதல் அம்புக்குறியிலேயே தொடங்க வைத்தது. அந்த அம்புக்குறிக்கு முன்னால், ஒரு ஊரில் ஒரு மனிதர் ஒரு தோலைக் கத்தியால் வெட்டுவது இருக்கிறது. அது படத்தில் இல்லை. அதற்குப் பிறகு என்னிடம் வந்தவர்களிடம் நான் டெஸ்ட்டைப் பற்றிப் பேசவே மாட்டேன். தொட்டியா, கூண்டா, தோலா, அதை யார் வெட்டினார்கள், எங்கே வைத்தார்கள், யார் அடுக்கினார்கள், எப்போது நம்பர் போட்டார்கள் என்று கேட்பேன். ஆளுக்கு அரை மணி ஆகும். வரிசை வராந்தா முடிவு வரை போகும். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ரிப்போர்ட்டைப் பிரித்து மறுபடி பைண்ட் பண்ணினோம். கைடு முணுமுணுத்தார், ஆனால் ஒரு வார்த்தைகூடத் தடுத்துச் சொல்லவில்லை. பழைய டெஸ்ட்டையும் அதன் முடிவையும் நீக்கக் கூடாது, அது ஏன் தப்பு என்பதோடு அப்படியே இருக்க வேண்டும், தேர்ந்தெடுத்துக் கொடுத்தது யார் என்று என் பெயரையும் போட வேண்டும் என்றேன். ஷபானா தயங்கினாள். போடு என்றேன். வைவாவில் எக்ஸ்டெர்னல் அந்தப் பக்கத்தில்தான் நெடுநேரம் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவள் தேறிவிட்டாள், நல்ல மதிப்பெண்ணோடு.

பக்ரீத் முடிந்த மறுவாரம் அவளும் இக்பால் பாயும் ஒரு டப்பா மக்கன் பேடா இனிப்போடு என் வீட்டுக்கு வந்தார்கள். மண்டியில் ஒரு தோல்கூடக் கெடவில்லை என்று சொன்னார்கள். எனக்கென்று ஒரு ரிப்போர்ட் பிரதியும் கொண்டுவந்திருந்தாள். வழக்கம்போல் முதலில் நன்றியுரையைப் பார்த்தேன். பழையதில் அன்புத் தந்தைக்கு என்று முதல் வரியிலேயே இருந்தது. இதில் அவர் பெயரே இல்லை.

"அப்பா எங்கே போனார்?"

"உள்ள போட்டுட்டேன் மேடம். செய்முறையில."

புரட்டினேன். அத்தியாயம் மூன்றில் இருந்தது. ஒரே தோலின் இரு பாதிகளை அடையாளம் கண்டு இணைத்தவர் இக்பால், தோல் தரம் பிரிப்பவர், இருபத்தாறு வருட அனுபவம். எண்ணிக்கை எதுவும் அவருக்குக் காட்டப்படவில்லை. இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லி அவருக்கு வாசித்துக் காட்டினேன். இக்பால் பாய் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"மேடம், அது தப்பு. இருபத்தாறு இல்ல. இருபத்தெட்டு."

ஷபானா என் மேசையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த எண்ணை அடித்துவிட்டு, பக்கத்தில் இருபத்தெட்டு என்று எழுதினாள். அவர் எட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் டீயை எடுத்தார்.